பள்ளியின் தலைவாசல்

ஒரு வீட்டிற்குத் தலைவாசல் எத்தகையதோ, ஒரு பள்ளிக்கு அதன் அலுவலகம் அத்தகையது. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் காண்பது வகுப்பறையை அன்று. நூலகத்தையோ விளையாட்டுத் திடலையோ அன்று. அலுவலக அறையின் வாயிலிலேதான் அவர்கள் முதன்முதலாக வந்து நிற்கின்றனர். படிப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழுடன் வெளியேறும் மாணவன் இறுதியாகக் கடந்து செல்வதும் அதே வாயிலைத்தான். பாடத்திட்டம், தேர்வு முறை, ஆசிரியர் பயிற்சி முதலியன பற்றி நாம் பலவாறு எழுதியும் பேசியும் வருகிறோம். அலுவலக அறையைப் பற்றி எண்ணிப் பார்ப்பதே இல்லை. அவ்வறையை நெரிசல் நீக்கி, தூய்மைப்படுத்தி, வருவோர் மனம் மகிழும் வண்ணம் அமைப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாம் காணும் காட்சி

சூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாள்களில் சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் உள்ள பல பள்ளிகளில் ஒரே காட்சியைக் காணலாம். தறி ஓட்டும் ஒரு தாய், அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நிற்கிறார். கணவர் லாரியோடு வடநாடு சென்றிருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தால் மேசைமேல் கோப்புகள் குவிந்துள்ளன. கால் உடைந்த நாற்காலிகள், பாடநூல் கட்டுகள், பழுதான கணினித் திரை, கயிறு அவிழாத விலையில்லாப் பொருள் மூட்டைகள், பழைய கேடயங்கள், சுருட்டி வைத்த நிலப்படங்கள் எனப் பலவும் நான்கு மூலைகளையும் நிறைத்துள்ளன. சன்னலை அலமாரி மறைத்துள்ளதால் பகலிலும் விளக்கு எரிகிறது. கோப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து, "என்ன வேண்டும்?" என்று ஒரு குரல் மட்டும் கேட்கிறது. குரலுக்குரிய முகம் தெரியவில்லை.

எந்தச் சான்று வேண்டும், எத்தனை நகல் வேண்டும் என்பது அறிவிப்புப் பலகையில் இருக்கக்கூடும். ஆனால் அதன்மேல் ஐந்தாறு பழைய சுற்றறிக்கைகள் ஒட்டப்பட்டுள்ளன. ஒரு தாள் குறைகிறதென்று அத்தாய் திரும்பி அனுப்பப்படுகிறார். மறுநாள் மற்றொரு தாள் குறைகிறது. மூன்று நாள் கூலி போய்விடுகிறது. படித்த குடும்பத்தார் யாரிடமேனும் கேட்டறிந்து ஒரே நாளில் பணியை முடித்துக்கொள்வர். பள்ளி வாசலை முதன்முதலாக மிதிக்கும் குடும்பமே அறையின் ஒழுங்கின்மைக்கு முழு விலையையும் கொடுக்கிறது. ஆதலின் இதனை அழகுணர்ச்சி பற்றிய செய்தியாக மட்டும் கருதுவதற்கில்லை. நீதி பற்றிய செய்தியாகவும் கருத வேண்டும்.

நெரிசலின் காரணம்

இந்நிலைக்கு எழுத்தரையோ தலைமையாசிரியரையோ குறை கூறுதல் பொருந்தாது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பள்ளிக் கட்டடத்தில் இருக்க வேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு வகுப்பறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், தடையில்லா நுழைவு ஆகியவற்றோடு, அலுவலகமாகவும் பொருள் வைப்பறையாகவும் தலைமையாசிரியர் அறையாகவும் பயன்படத்தக்க ஓர் அறை வேண்டும் என்பது அதன் விதி. மூன்று அறைகளின் பணியை ஓர் அறையே செய்தால் போதும் எனச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. நெரிசல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்து, தமிழகத்தில் மாணவர்களுக்கு வழங்கப்படும் பொருள்கள் பல. பாடநூல், சீருடை, காலணி, புத்தகப்பை, வண்ணப் பென்சில் என அவை வந்திறங்கும்போது வைக்க வேறிடம் இல்லை. வந்தவை வழங்கப்பட்ட பின்பும் பெட்டிகளும் எஞ்சிய அளவுகளும் தங்கிவிடுகின்றன.

மூன்றாவது காரணம் அச்சம். உடைந்த நாற்காலியும் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண்ணைத் தாங்கி நிற்பது. அதனை வெளியேற்றினால் தணிக்கையில் கேள்வி எழுமோ என்று ஒவ்வொரு தலைமையாசிரியரும் அஞ்சி, அடுத்து வருவோரிடம் அப்படியே ஒப்படைத்துச் செல்கிறார். இவ்வாறு இருபது முப்பது ஆண்டுகளின் பயனற்ற பொருள்கள் ஓர் அறையில் சேர்கின்றன.

பிரித்தலே முதற்பணி

புதிய வண்ணம் பூசி, பூந்தொட்டி வைத்துவிட்டால் அறை புதிதாகிவிடும் எனப் பலர் கருதுகின்றனர். குவியலின்மேல் பூசிய வண்ணம் ஒரு பருவத்திற்கே நிற்கும். வேண்டுவதையும் வேண்டாததையும் பிரித்தலே முதற்பணியாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்னோடி உண்டு. 1980களின் தொடக்கத்தில் மராட்டிய மாநிலத்தின் அகமத்நகர் மாவட்டத்தில் அனில்குமார் லகீனா என்னும் ஆட்சியர் தம் அலுவலகத்தைச் சீரமைத்தார். காலம் கடந்த தாள்களை நீக்கி, இருப்பனவற்றை வகைப்படுத்தி, இருக்கைகளை மாற்றியமைத்து, எப்பணிக்கு எவரைக் காண வேண்டும் என்பதை மக்கள் எளிதில் அறியச் செய்தார். அம்முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 2021 முதல் நடுவண் அரசு ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் தன் அலுவலகங்களில் தேங்கிய கோப்புகளையும் கழிவுப் பொருள்களையும் அகற்றும் இயக்கத்தை நடத்தி வருகிறது. கோப்புகளை ஒழுங்குபடுத்தி அட்டவணையிட்டு வைப்பது பொது அதிகார அமைப்புகளின் கடமை என்பதை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் கூறுகிறது.

எத்தாளை எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்பதற்குத் தமிழக அலுவலகங்களில் நெடுங்கால மரபு உண்டு. முடிவுற்ற கோப்பு ஓராண்டு காக்கப்படுவதாயின் எல்.டிஸ்., மூன்றாண்டாயின் கே.டிஸ்., பத்தாண்டாயின் டி.டிஸ்., நிலையாகக் காக்கப்படுவதாயின் ஆர்.டிஸ். எனக் குறிக்கப்படும். கோப்பை முடிக்கும் அன்றே அதன் ஆயுளையும் எழுதிவிடும் அருமையான ஏற்பாடு இது. குறியிடும் வழக்கம் பல இடங்களில் இன்றும் உண்டு. ஆயுள் முடிந்தபின் எடுத்து நீக்கும் வழக்கமே குறைந்துவிட்டது.

பொருள்களுக்கும் வழி உண்டு. பழுதானவற்றை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பட்டியலிட்டு, மேலதிகாரியின் எழுத்துமூல ஒப்புதல் பெற்று, ஏலத்தில் விட்டு, தொகையைக் கணக்கில் செலுத்தி, பதிவேட்டில் குறித்துவிட்டால் தணிக்கைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பழைய கணினிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற நிறுவனத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

பழையன எல்லாம் குப்பை ஆகா

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இப்பகுதியின் நிருவாகத்தை ஏற்றார். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களுள் ஒருவர். அவர்கள் நிலம், வரி, பயிர், தொழில் பற்றி எழுதி வைத்த அலுவலகத் தாள்கள் பிற்காலத்தில் பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரில் பல பகுதிகளாக அச்சேறின. நம் சமவெளியின் வரலாற்றை எழுதுவோர்க்கு இன்று அவை மூல நூலாக உள்ளன. எழுதிய நாளில் அவை அன்றாட அலுவல் தாள்களே. எவரேனும் குப்பையென்று எரித்திருப்பின் நம் வரலாற்றின் ஒரு பகுதியே எரிந்திருக்கும்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் அத்தகைய மதிப்புடையது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் சிற்றூர்களில் பதியப்படாத பிறப்புகள் பல. அவ்வாறு பிறந்தோர்க்குப் பள்ளிப் பதிவேட்டில் உள்ள ஒரு வரியே பிறந்த நாளின் சான்று. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், அந்நாளிலும் அதன் பின்னரும் பிறப்போர்க்குப் பிறப்புச் சான்றிதழையே பல பணிகளுக்கும் உரிய சான்றாக ஆக்கியுள்ளது. அதற்கு முன் பிறந்த கோடிக்கணக்கானோர்க்குப் பள்ளிச் சான்றின் தேவை இன்னும் நெடுங்காலம் நீடிக்கும்.

நம் சமுதாயத்தார் இதனை நன்கு உணர்வர். முகமது, முகம்மது, முஹம்மத் என ஒரே பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். கடவுச்சீட்டு பெற்று அயல்நாடு செல்ல முனையும் இளைஞரும், ஹஜ் பயணத்திற்கு ஆயத்தமாகும் முதியவரும் இவ்வேறுபாட்டால் அலைய நேர்கிறது. அப்போது, "முதலில் எவ்வாறு எழுதப்பட்டது?" என்னும் கேள்விக்கு விடை தருவது பழைய சேர்க்கைப் பதிவேடே. அது கரையானுக்கு இரையாகிவிட்டால் ஒரு மனிதரின் அடையாளமே தடுமாறுகிறது. இன்று மாணவர் விவரங்கள் 'எமிஸ்' என்னும் கல்வித் தகவல் மேலாண்மை இணையத்தில் பதியப்படுகின்றன. ஆயினும் அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குத் தாளே துணை. எனவே, சீரமைப்பின்போது முதலில் காப்பாற்ற வேண்டியது இப்பதிவேட்டை. கிழிந்த தாள்களை ஒட்டி, கட்டடம் செய்து, பக்கந்தோறும் படமெடுத்து, பூட்டிய இரும்பு அலமாரியில் வைத்தல் நன்று. பெறுவோரின்றித் தங்கிவிட்ட மதிப்பெண் சான்றிதழ்களை ஆண்டு வாரியாக அடுக்கி, உரியோரின் பெயர்ப் பட்டியலையும் வைத்தல் வேண்டும்.

அறையை அமைக்கும் முறை

குவியல் நீங்கியபின் அறையே தன் அகலத்தைக் காட்டும். முதலில் சன்னலை மறைக்கும் அலமாரியை அகற்ற வேண்டும். நம் சமவெளியின் சித்திரை வெயிலில் எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்திருப்பதே பெரும் நிவாரணம். வெயில் நேரே விழும் சன்னலுக்குக் காவிரிக் கரையோர ஊர்களில் விளையும் கோரையால் முடைந்த பாயைத் தட்டியாகத் தொங்கவிடலாம். செலவு குறைவு, கண்ணுக்கும் குளிர்ச்சி.

சுவருக்கு விலையுயர்ந்த பூச்சு வேண்டுமென்பதில்லை. சங்ககிரிப் பகுதி சுண்ணாம்புக் கல்லுக்குப் பெயர் பெற்றது. கற்சுண்ணாம்பை நீற்றி, ஊறவிட்டு, துணியில் வடித்து, கஞ்சிப் பசையும் சிறிது நீலமும் கலந்து இருமுறை அடித்தால் அறை வெண்மையாக ஒளிரும். சுண்ணாம்பு நீறும்போது கொதித்துத் தெறிக்குமாதலால் அப்பணியைப் பழகியோரே செய்ய வேண்டும். மாணவரை அருகில் விடலாகாது.

அலமாரிகளைச் சுவரை ஒட்டி வைக்காமல் அரை அடி தள்ளி வைத்தால் கரையானும் ஈரமும் ஏறுவது கண்ணில் படும். பொருள் வைப்பதற்கென்று தனி அறை இல்லையாயின், அறையின் பின்பகுதியை ஒரு தடுப்பால் பிரித்து அங்கேயே அவற்றை வைக்கலாம். எழுத்தரின் மேசை வாயிலை நோக்கி இருக்க வேண்டும். அதன்மேல் அன்றைய கோப்புகளன்றி வேறொன்றும் இருத்தலாகாது. வருவோர் முகத்தை அவரும், அவர் முகத்தை வருவோரும் காண வேண்டும். எதிரே இரண்டு நாற்காலிகளும், சுவரோரம் ஒரு விசுப்பலகையும், ஒரு பானைத் தண்ணீரும் போதும். நின்றுகொண்டு பேசுபவர் கெஞ்சுபவராகிறார். அமர்ந்து பேசுபவர் விருந்தினராகிறார். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழி பேசும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

படி உள்ள இடத்தில் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான அளவு. அதனினும் செங்குத்தாயின் சக்கர நாற்காலியில் வருவோர்க்குப் பயன்படாது.

இறுதியாக அறிவிப்புப் பலகை. லாரிகளுக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல் நாடறிந்த ஊர். அவ்வண்டிகளில் பெயர் எழுதும் ஓவியர்களின் கைத்திறத்தை நாம் நாள்தோறும் சாலையில் காண்கிறோம். அவர்களுள் ஒருவரைக் கொண்டு, எந்தச் சான்றிற்கு எந்தத் தாள்கள் வேண்டும், யாரைக் காண வேண்டும், எத்தனை நாளில் கிடைக்கும் என்னும் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வாயிலில் மாட்டலாம். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. வாசகர் என்னும் இடத்தில் பெற்றோர் என்று வைத்தால் அதுவே பள்ளி அலுவலகத்தின் முதல் விதியாகும்.

யார் செய்வது?

இப்பணிக்குப் பெருந்தொகை தேவையில்லை, கைகளே தேவை. 1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குச் சிற்றூர்களுக்குச் செல்கின்றனர். முகாம் நடக்கும் ஊரின் பள்ளி அலுவலகத்தைச் சீரமைப்பதை அம்முகாமின் பணிகளுள் ஒன்றாக ஏற்கலாம். எதனை நீக்குவது என்பதைத் தலைமையாசிரியரும் எழுத்தருமே முடிவு செய்ய வேண்டும். சுமப்பது, துடைப்பது, அட்டவணை எழுதுவது ஆகியவற்றை மாணவர் செய்யலாம். ஊர்ப் பெரியோரும் முன்னாள் மாணவரும் விசுப்பலகை, மின்விசிறி போன்றவற்றை அளிக்கலாம். கோப்பகராதி எழுதிப் பழகும் தமிழ் மாணவன் அலுவலகத் தமிழையும் கற்றுக்கொள்வான் என்பது கூடுதல் பயன்.

ஒருமுறை சீரமைத்தால் போதாது. ஆண்டுத் தேர்வு முடிந்த மே மாதத்தில் மூன்று நாள்களை இதற்கென ஒதுக்கினால், சூன் மாதத்தில் வாசலுக்கு வரும் தாய் தெளிந்த அறையைக் காண்பார். பலகையை அவர் படிப்பார். படிக்க இயலாதவராயின் உடன் வரும் பிள்ளை படித்துச் சொல்லும். அப்பிள்ளை அப்பள்ளியில் கற்கும் முதற்பாடம் அதுவாக அமையட்டும்.