சீனர் வட்டாரமும் பிளேக்கும்

பிழைக்கச் சென்ற தேசத்தில் கொள்ளைநோய் வந்தால் துணையாவது சர்க்காரா, ஊராரா? 1900-ஆம் வருஷத்து ஸான் பிரான்ஸிஸ்கோ விருத்தாந்தம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. அவ்வருஷம் மார்ச்சு மாதம் அந்நகரத்துச் சீனர் வட்டாரத்தில் ஒருவர் பிளேக்கினால் மாண்டார். அதிகாரிகள் வட்டாரம் முழுவதையும் கயிறு கட்டி அடைத்தனர். ஆக்ஷேபம் கிளம்பவே சில தினங்களில் அவிழ்த்தனர். மே மாதத்திலோ, ஹாப்கின் பம்பாயில் கண்டுபிடித்த ஊசியைக் குத்திக்கொள்ளாத ஆசியாக்காரர் நகரை விட்டு வெளியேறலாகாதென்று உத்தரவு பிறந்தது. வெள்ளையருக்கு இவ்விதியில்லை! பிளேக் கிருமி தோலின் நிறம் பார்த்தா தொற்றுகிறது?

'ஆறு கம்பெனிகள்' என்று பெயர் பெற்ற சீனரின் ஊர்வாரிச் சங்கங்கள் வக்கீல்களை அமர்த்தின. அவ்வருஷமே அங்கு தோன்றிய சீனப் பத்திரிகையான 'சுங் ஸாய் யாட் போ' செய்திகளை அவர்கள் பாஷையிலேயே பரப்பிற்று. நீதிபதி மாரோ மே 28-ல் ஊசி உத்தரவைத் தடுத்தார். மறுநாளே வட்டாரம் மீண்டும் அடைபட்டது. ஜூன் 15-ல் அதுவும் நியாயஸ்தலத்தில் விழுந்தது. நோய் கண்ட வீட்டை அடைக்கலாம், ஒரு ஜாதியாரை அடைத்தல் சட்டமாகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் பயின்ற நாம் இத்தீர்ப்பைப் பன்முறை படித்து மகிழ்ந்திருக்கிறோம்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. நோயாளிகளையும் பிணங்களையும் ஒளித்து வைக்கவும் அதே கட்டுப்பாடு உதவிற்று. 1904 வரையில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் சீனரே. இவர்களை மட்டும் குறை கூறுவானேன்? பிளேக் என்பதே இல்லையென்று மாகாண கவர்னர் கேஜ் சாதித்துக் கொண்டிருந்தார்.