மோடமும் ரௌட்டரும்: வீட்டில் இணைக்கும் முறை

பட்டா நகல் பெறவும், பயிர்க் காப்பீட்டிற்குப் பதிவு செய்யவும், விளைபொருளின் விலையை அறியவும் இன்று இணையம் இன்றியமையாத சாதனமாகிவிட்டது. 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கண்ணாடி இழைத் திட்டம், 'பாரத்நெட்' என்னும் பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளைத் தேடி வருகிறது. ஆயினும், வாசல் வரையில் வந்த இணைப்பு பின்கட்டு வரையில் எட்டாவிடில் பயன் பாதியே.

இக்குறையை நீக்கப் பலர் சொந்தமாக ரௌட்டர் ஒன்றை வாங்குகின்றனர். அதைத் தவறாக இணைத்துவிட்டால் வீடு முழுவதும் இணையம் நின்றுவிடும். காப்பீட்டிற்குக் கடைசி நாளன்று அவ்வாறு நேர்ந்தால் விளையும் நஷ்டம் சிறியதன்று. ஆகவே முறையை நாம் அறிந்திருத்தல் நலம்.

மோடம் ஏரியின் மதகு போன்றது. கண்ணாடி இழையில் ஒளியாக வருவதை அது மின்குறியாக மாற்றித் தருகிறது. ரௌட்டரோ கிளை வாய்க்கால் போன்றது. வந்ததைக் கைப்பேசி, கணினி முதலியவற்றிற்குப் பங்கிடுகிறது. நிறுவனத்தார் தரும் மோடம் பெரும்பாலும் இவ்விரு வேலைகளையும் தானே செய்கிறது. அதனால்தான் இரண்டாவது ரௌட்டரைச் சேர்க்கும்போது கவனம் தேவைப்படுகிறது.

முதலாவதாக, மோடத்தில் 'லேன்' என்று குறித்த துளை ஒன்றிலிருந்து, ரௌட்டரில் 'வேன்' என்று குறித்த தனித் துளைக்குக் கேபிளைச் செருகவேண்டும். ரௌட்டரின் 'லேன்' துளையில் செருகுவதே பலர் செய்யும் பிழை. ஒரே வாய்க்காலுக்கு இரண்டு நீர்க்கட்டிகள் நின்று முறை வைப்பதுபோல், இரு பெட்டிகளும் ஒரே வரிசையில் முகவரிகளை வழங்கத் தொடங்கிக் குழப்பம் விளையும். இக்கேபிள் 100 மீட்டர் வரை நீளலாம். ஆதலால் ரௌட்டரை வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வைக்கலாம்.

இரண்டாவதாக, மோடத்தை அணைத்து மீண்டும் இயக்கி, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரௌட்டரை இயக்கவேண்டும்.

மூன்றாவதாக, கைப்பேசியை ரௌட்டருடன் இணைத்து, அதன் அடியில் ஒட்டியுள்ள சீட்டிற் கண்ட முகவரியைத் திறக்கவேண்டும். இணைப்பு வகையில் 'தானியங்கி' என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் போதும். மோடம், ரௌட்டர் இரண்டிற்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால், ரௌட்டரினுடையதை 192.168.2.1 என மாற்றிவிடவேண்டும். மோடம் ஒளியை மாற்றித் தருவதோடு நின்றுவிடும் வகையில் அமைக்கப்பட்டிருந்தால், நிறுவனத்தார் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரௌட்டரிற் பதியவேண்டியிருக்கும்.

நான்காவதாக, கடவுச்சொல்லை உடனே மாற்றவேண்டும். வைஃபைக்கு ஒன்று, ரௌட்டரின் அமைப்புகளைத் திறக்க வேறொன்று என இரண்டு வேண்டும். சீட்டில் அச்சிட்டதையே விட்டுவைப்பது பூட்டின்மேல் சாவியை மாட்டிவைப்பதற்கு ஒப்பாகும். அயலார் ஒருவர் நம் இணைப்பின் வழியே குற்றம் புரிந்தால், விசாரணை முதலில் நம் வாசலுக்கே வரும்.

சுவர் தடித்த வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கூடுதல் தூரம் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது, ஆனால் எட்டும் தூரம் குறைவு.

எச்சரிக்கை இரண்டு. கண்ணாடி இழையை மடிக்கவோ, கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவோ கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது, ஆயினும் கண்ணுக்குத் தீங்கு தரக்கூடியது. இடி மின்னல் நெருங்கும் முன்பே இரு பெட்டிகளின் மின் இணைப்பையும் கழற்றிவிடவேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, மின்கம்பியோ கடத்தும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இம்முறையைத் தாங்கள் கற்று, ஊர் இளைஞர் இருவருக்கேனும் கற்பிப்பார்களாயின், சிறு கோளாறுக்கெல்லாம் நகரத்து ஆளை எதிர்நோக்கிக் காத்திருக்கும் நிலை நீங்கும். ஊருக்கு வந்த வசதி ஒவ்வொரு வீட்டிலும் பயன் தரச் செய்வது நம் கடமையாகும்.