சுரங்களின் வலையமைப்பு

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் தடப்படத்தை நோக்குவோம். அங்கிருந்து அடுத்துச் சென்றடையத்தக்க நிலையங்கள் நான்கு: ஃபேரர் பார்க், டோபி காட், நியூட்டன், ரோச்சோர். நிலையத்தைக் கணு என்றும் தடத்தை இணைப்பு என்றும் கொண்டால், அப்படம் ஒரு வலையமைப்பாகும். இசையையும் இவ்வாறு வரையலாம். சுரங்களே கணுக்கள், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதே இணைப்பு.

மோகனத்தில் 'ச ரி க ரி ச ரி க ப' என்றொரு தொடரை அமைத்துக்கொள்வோம். இதில் சகரத்திலிருந்து இருமுறையும் ரிகரத்துக்கே செல்கிறோம். ககரத்திலிருந்தோ ஒருமுறை ரிகரத்துக்கும் ஒருமுறை பகரத்துக்கும் செல்கிறோம். ஆகவே சகரம் ஒலித்ததும் அடுத்ததைக் கேட்போர் அறிவர். ககரம் ஒலித்ததும் ஐயம் எழும். அவ்வையத்தை எண்ணால் அளப்பதே இவ்வாய்வின் உயிர்நிலை. பென்சில்வேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் பாஹ் இயற்றிய முந்நூறுக்கும் மேற்பட்ட இசையாக்கங்களை இம்முறையில் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டனர். தேவாலயக் கூட்டுப்பாடல்களில் ஐயம் குறைவு. டொக்காட்டா வகையில் மிகுதி.

மொழி பயின்றோர்க்கு இது புதிதன்று. 1913-இல் ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ், புஷ்கினின் செய்யுட் புதினத்தில் 20,000 எழுத்துகளை எண்ணி, உயிரை அடுத்து உயிர் வருவது எத்துணை, மெய் வருவது எத்துணை எனக் கணக்கிட்டார். தொல்காப்பியரோ அவருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே ட, ற, ல, ள என்னும் புள்ளிகளின் முன் க, ச, ப வரும் என்றும், ர, ழ இரண்டும் தம்முன் தாம் வாரா என்றும் வகுத்துவிட்டார். அவர் எண்ணிக்கை தரவில்லை. வழி உண்டா இல்லையா என்பதை மட்டும் உரைத்தார். மெய்ம்மயக்கத்தை மனப்பாடச் சுமையாகக் கருதும் மாணவர்க்கு அதை இப்படி வரைந்து காட்டலாம்.

ஆயினும் ஓரிடத்தில் நாம் ஏமாந்தோம். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணம் 'ச ரி ம ப த ச'. அவரோகணம் 'ச நி த ப ம க ரி ச'. இவற்றைக் கொண்டு வரைந்தபோது இரு ராகங்களுக்கும் ஒரே படமே கிடைத்தது. செவியோ அவற்றை ஒன்றென ஒருபோதும் கொள்ளாது. ஆரபி விரைந்து செல்வது. அதன் காந்தாரமும் நிஷாதமும் நின்று ஒலிப்பதில்லை. தேவகாந்தாரி நீண்ட கார்வைகளும் கமகமும் கொண்டு நிதானமாக நடப்பது. ரயில் எந்நிலையத்தில் எத்துணை நேரம் நிற்கும் என்பதைத் தடப்படம் சொல்லாதன்றோ!

எனவே சுரத்தை மட்டும் கணுவாகக் கொள்ளாமல், அது நிற்கும் கால அளவையும் சேர்த்துக் கணுவாக்க வேண்டும். குற்றெழுத்தையும் நெட்டெழுத்தையும் வேறெழுத்தாகக் கொள்ளும் மொழியினர்க்கு இது கடினமன்று. கமகத்தை எழுத்தில் அடக்குவதுதான் இன்னும் கடினம். தியாகராசரின் 'சாதிஞ்செனே' ஆரபி. 'க்ஷீரசாகர சயன' தேவகாந்தாரி. இரண்டும் ஆதி தாளம். சுரக்குறிப்பு நூலும் கட்டத்தாளும் இருந்தால், மாணவர் இவ்விரண்டின் இணைப்புகளையும் கார்வைகளையும் கையாலேயே எண்ணிப் பார்க்கலாம்.