ஏழடிப் பட்டத்தில் ஒரு வழக்கு

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசலுக்கு நீங்கள் போயிருக்கலாம். அறிவர் கோயில் விதானத்தில் தீட்டியிருக்கும் தாமரைக் குளத்தையும், தூண்களில் நடனமாடும் பெண்களையும் பார்த்து "ஆகா!" சொல்லிவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க நிழல் தேடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். குன்றின் மேலேறி ஏழடிப் பட்டம் வரை போகிறவர்கள் குறைவு. வெயில் அப்படி!

ஏழடிப் பட்டம் என்பது சமண முனிவர்கள் தவம் செய்த குகை. உள்ளே வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள். ஒன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமி எழுத்து. அங்கே போகும் வழிதான் விசேஷம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். இப்போது இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. அந்த நாளில் பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்துத்தான் போக வேண்டுமாம். பெயரும் அதனால் வந்ததே.

அந்தத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாளும், பதின்மூன்று வயதிருக்கும் அவர் பெண்ணும் பெரிய தர்க்கத்தில் இருந்தார்கள்.

"கம்பை ஊன்றிக்கிட்டு ஆகாசத்துல பறக்கணுமாம்! கையைக் காலை ஒடிச்சுக்கிட்டு வந்தா யாருடீ பாக்குறது?"

"இந்தப் பாறையில நீ ஏறி வரலையாம்மா?"

"இங்கே பிடிச்சுக்கக் கம்பி இருக்கு."

"அங்கே விழுறதுக்கு மெத்தை இருக்கும்மா!"

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை அந்தப் பெண்ணைக் கோலூன்றித் தாண்டும் பயிற்சிக்குப் பொறுக்கியிருக்கிறாராம். "நீங்களே சொல்லுங்க ஸார், பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா?" என்று அம்மாள் என்னை மத்தியஸ்தத்துக்கு அழைத்தார். அங்கே நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு நழுவினேன். ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் சொல்வதற்கு விஷயம் கிடைத்தது. அந்த அம்மாளைப் போல உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

"பொம்பளைப் பிள்ளைக்குத் தேவையா?" என்ற கேள்வியை உலகமே வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தது. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே ஆண்கள் கோலூன்றித் தாண்டினார்கள். பெண்களுக்கு அந்த வாசல் திறந்தது 2000-ல், சிட்னியில்! நூற்று நான்கு வருஷம் காக்க வைத்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. 2014-ல் வி. எஸ். சுரேகா 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை செய்தார். 2022-ல் காந்திநகர் தேசிய விளையாட்டில் ரோஸி மீனா பால்ராஜ் 4.20 தாண்டி அதை முறியடித்தார். சில நாட்களிலேயே பெங்களூரில் 4.21. அதே காந்திநகரில் ஆண்கள் பிரிவில் 5.31 தாண்டித் தேசிய சாதனை படைத்த சிவ சுப்பிரமணியும் தமிழ்நாட்டவரே. 4.21 மீட்டர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? உங்கள் கூடத்துத் தளத்தை அண்ணாந்து பாருங்கள். பத்தடி உயரம் இருக்குமா? அதற்கு மேல் இன்னும் மூன்றே முக்கால் அடி!

இதைக் கேட்டதும் அந்த அம்மாளுக்குப் பயம் அதிகமாகியிருக்கும். ஆனால் முதல் நாளே யாரும் அந்த உயரத்துக்கு ஏறுவதில்லை. நல்ல பயிற்சியாளர் ஆரம்பத்தில் குறுக்குக் கம்பியைக் கண்ணிலேயே காட்ட மாட்டார். கோலைப் பிடிப்பதற்கும், அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கும், பிறகு மெதுவாக ஓடுவதற்குமே நாட்கள் போய்விடும். நீளமான கோலை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தரையை நோக்கி இழுக்கும். தோளைக் கோணாமல் அதைத் தாங்கிக்கொண்டு ஓடுவதே ஒரு வித்தை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்து பாருங்கள், புரியும்.

அடுத்தது மணல். நாலைந்து அடி நடந்து, கோலை மணலில் ஊன்றி, அதன் வலப்பக்கமாக ஊசலாடி, இரண்டு காலிலும் நிற்பது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு வலக்கை மேலே, இடக்கை கீழே; எம்புவது இடக்காலால். எவ்வளவு உயரத்தில் பிடிக்கலாம்? கோலை நிமிர்த்தி வைத்து, தரையில் நின்றபடி வலக்கை எட்டுகிற இடத்துக்குச் சற்று மேலே. அவ்வளவுதான். அது நன்றாகப் படிந்தால்தான் பிடியை நாலு விரற்கடை உயர்த்த அனுமதி.

இந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் இருக்கிறது. ஓடி வந்த வேகம்தான் கோலை நிமிர்த்த வேண்டும். தாழப் பிடித்தால் சட்டென்று நிமிர்ந்துவிடும். உயரப் பிடித்தால் நிமிர அதிக வேகம் வேண்டும். வேகம் போதாவிட்டால் கோல் பாதி வழியில் நின்று, ஆளை ஓடி வந்த பாதையிலேயே திருப்பி இறக்கிவிடும். ஆசைப்பட்டு எட்டாத உயரத்தில் பிடிப்பதுதான் புதியவர்களின் முதல் தப்பு. கீழே இருக்கும் குழியைக் குனிந்து பார்ப்பது இரண்டாவது. கோலின் நுனி போய் முட்டுகிற அந்தப் பெட்டிக் குழியின் ஆழம் 20 சென்டிமீட்டர்தான். ஓட்டத்தின் கடைசி இரண்டு மூன்று அடிகளுக்குள் இடுப்பருகே இருந்த கை தலைக்கு மேல் போய்விட வேண்டும். எம்பும் கால், மேல் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அரை அடி முன்னே போனாலும் தோள் பின்னுக்கு இழுபடும். அதனால்தான் இவர்கள் இடக்கால் தரையில் படும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே ஓடுகிறார்கள். நாட்டியத்தில் ஜதி எண்ணுவது போல! கணக்குப் பிசகினால் தாண்டாமல், கோலைக் குழிக்குள் போட்டுவிட்டு மெத்தை மேல் ஓடிப்போவதும் பயிற்சியில் ஒரு பாடம்.

எம்பிய பிறகு நடப்பது ஊஞ்சல்தான். கோலில் தொங்கும் உடம்பு முன்னே வீசி, கால் மேலே போய், தலைகீழாகி, திரும்பி, வயிறு கீழ்நோக்கியபடி கம்பியைக் கடக்கிறது. இதற்காகக் கயிறு ஏறுவது, பாரில் தொங்கிக் காலை உயர்த்துவது, கையால் நிற்பது எல்லாம் தினசரிப் பாடம். ரஷ்யாவின் யெலேனா இசின்பாயேவா சிறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். உயரம் அதிகமாகிவிட்டது என்று பதினைந்து வயதில் அதை விட்டுவிட்டுக் கோலைப் பிடித்தார். 2009-ல் ஸூரிக் நகரில் 5.06 மீட்டர் தாண்டினார்! ஒரு கதவு மூடினால் அழ வேண்டியதில்லை போலிருக்கிறது.

கோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு மூங்கில்தான். அமெரிக்கரான கார்னேலியஸ் வார்மர்டாம் 1942-ல் மூங்கிலைப் பிடித்தே 4.77 மீட்டர் தாண்டினார். 1960-களில் கண்ணாடி நாரால் செய்த, வில்லாக வளைகிற கோல் பரவி, உயரங்கள் மளமளவென்று ஏறின. ஒவ்வொரு கோலிலும் எவ்வளவு எடையுள்ளவருக்கு என்று குறித்திருக்கும். ஆளின் எடைக்கு மெலிந்த கோல் ஒடியலாம். அளவுக்கு மீறி விறைத்த கோல் ஆளைத் திருப்பி அனுப்பும். அக்காளின் ரவிக்கையைத் தங்கைக்குப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். கோலை அப்படிச் செய்ய முடியாது. பெண் வளர வளர வேறு கோல் வேண்டும். செலவு கொஞ்சமல்ல. வெளியூர்ப் போட்டிக்கு ரெயிலில் கொண்டுபோவதோ தனிப் புராணம். இரண்டு ஆள் நீளத்துக்கு மேலுள்ள கோலை எந்தப் பெட்டியில், எந்த மேல்தட்டில் வைப்பது?

ஆகவே அம்மணி, உங்கள் பயம் நியாயமானது. அது போய் நிற்கிற இடம்தான் சரியில்லை. உயரத்துக்குப் பயப்படாதீர்கள். குறுக்குக் கம்பி முளைகளின் மேல் சும்மா வைத்தது, இடித்தால் விழுந்துவிடும். மெத்தையைப் பாருங்கள். பெரிய சர்வதேசப் போட்டிகளில் அது 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். பெட்டிக் குழியின் இரு புறமும் இடைவெளி இல்லாமல் மெத்தை அணைத்திருக்கிறதா? கடுமையான காயங்கள் நேர்வது மெத்தைக்கு வெளியிலும் அந்தக் குழியிலும் விழுவதால்தான். உங்கள் பெண்ணின் எடைக்கேற்ற கோல் இருக்கிறதா? "இன்று வேண்டாம்" என்று அவள் சொன்னால் பயிற்சியாளர் கேட்கிறாரா? மெத்தையே இல்லாத மைதானமாக இருந்தால் உங்கள் பக்கம்தான் என் தீர்ப்பு. மணலில் ஊசலாடுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், நீங்களும் மைதானத்துக்குப் போய் உட்காருங்கள். 2025-ல் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்த அர்மாண்ட் டுப்ளாண்டிஸ், குழந்தையாக இருந்தபோது வீட்டுக் கூடத்தில் துடைப்பக் கட்டையை ஊன்றித் தாவியவராம். அமெரிக்காவில் லஃபாயெட் ஊரில் அவர் வீட்டுக் கொல்லையிலேயே மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். கோல் வித்தையைத் தந்தை சொல்லிக்கொடுத்தார். உடற்பயிற்சிக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பவர் அம்மா ஹெலேனா. அவரும் ஒரு காலத்தில் தடகள வீராங்கனை.

அந்தக் குன்றில் அம்மாளின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து வாசகியர் யாருக்காவது அவரைத் தெரிந்தால், இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெண்ணிடம் முதலில் காட்ட வேண்டாம். மெத்தை அளவு வரையில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து தர்க்கம் பண்ணுவாள்!