எலிப்பசையும் வீட்டுப் பிராணிகளும்

நமது சங்க அங்கத்தினர் வீடுகளில் எலியால் விளையும் நஷ்டம் சிறிதன்று. நெசவாளர் இல்லத்தில் கஞ்சி தோய்த்த பாவை ஓர் இரவில் கத்தரித்துவிடும். விவசாயி இல்லத்தில் மக்காச்சோள மூட்டையைத் துளைத்துவிடும். ஆகவே எலிக்கு விஷம் வைப்போரைக் குறை கூறுவதற்கில்லை. வைக்கும் விஷம் யாது, எலியன்றி வேறு எவை அதனைத் தின்கின்றன என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

பல ஆண்டுகளாகக் கடைகளில் குழாயில் அடைத்து விற்கப்பட்ட எலிப்பசையில் நூற்றுக்கு 3 பங்கு மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தது. இது நம் வட்டாரத் தொழிலோடு சம்பந்தமுள்ள பொருள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஐரோப்பாவில் தீக்குச்சியின் முனையில் வெண் பாஸ்பரஸ் என்ற பெயரில் இதனையே சேர்த்தனர். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகிற்று. 1906-இல் பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி அதனை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்குவதற்குப் பத்தாண்டு முன்னரே இப்பொருள் அத்தொழிலினின்றும் விலக்கப்பட்டது. நம் தீப்பெட்டியின் பக்கத்தில் பூசப்படும் சிவப்புப் பாஸ்பரஸ் வேறு. அதற்கு இக்கொடுமை இல்லை. தொழிற்சாலைக்கு ஆகாதென்று தள்ளிய பொருளை அடுக்களையில் மேலும் நூறாண்டு வைத்திருந்தோம்! உயிர்ச்சேதம் மிகுந்தமையால் 2023-இல் தமிழ்நாட்டில் இப்பசை விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது.

விற்பனைக்குத்தான் தடை. முன்பு வாங்கிய குழாய் உத்தரத்தில் செருகியபடி இருக்கக்கூடும். சங்கக் கிடங்கின் இருப்பை நாங்கள் தணிக்கை செய்கிறோம். உத்தரத்தின் இருப்புக்குப் பதிவேடு ஏது?

இப்பசையைக் கருவாட்டிலோ தேங்காய்ச் சில்லிலோ தடவி வைப்பது வழக்கம். கருவாடு எலியை மட்டுமா அழைக்கும்? இராஜபாளையம், சிப்பிப்பாறை என்று நாயினங்களுக்கே ஊர்ப்பெயர் ஈந்த சீமை இது. அத்தகைய நாயும், தறிக்குழியருகே உறங்கும் பூனையும், முற்றத்துக் கோழியும் அதனைத் தின்னும். தின்ற பிராணி வாந்தியெடுக்கும். வாயில் பூண்டு நாற்றம் வீசும். பின்னர் ஓரிரு நாள் தேறியது போலத் தோன்றும். இதுவே பெரிய ஏமாற்றம். அந்நாட்களில் ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். இவ்விஷத்துக்கு உரிய முறிமருந்து இல்லை.

கைவைத்தியமாகப் பாலும் நெய்யும் எண்ணெயும் புகட்டுவோர் உளர். மஞ்சள் பாஸ்பரஸ் கொழுப்பில் கரைவது. புகட்டிய நெய்யே விஷத்தை விரைந்து உடலில் ஏற்றிவிடும். கருஞ்சாம்பல் நிறத் தூளாகிய துத்தநாகப் பாஸ்பைடு எனில், வயிற்றுப் புளிப்போடு கூடி நச்சுவாயுவாகிறது. நாய் வாந்தியெடுக்கும் அறையில் கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும், அவ்வாயு மனிதரையும் தாக்கும். ஆகவே எதையும் புகட்டாது, தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, குழாயையோ உறையையோ கையிலெடுத்து உடனே கால்நடை மருந்தகம் செல்க. 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கோரலாம். குழந்தை தொட்டிருப்பின் 108.

புரோமடியோலோன் வில்லை சற்றே மேல். அதற்கு வைட்டமின் கே1 முறிமருந்தாகும். எனினும் அது இரத்தம் உறைவதைத் தடுப்பது. இரத்தப்போக்கு சில நாள் கழித்தே தெரியும். எலி மட்டும் நுழையத்தக்க துளையுள்ள பெட்டிக்குள் அதனை வைத்து, செத்த எலியை அன்றன்றே ஆழப் புதைக்க வேண்டும். பூனை அதைத் தின்றாலும் விஷம் ஏறும். பாவு வைத்துள்ள அறைக்கு எலிப்பொறியே போதும் என்பது என் அபிப்பிராயம்.

பழைய குழாயைக் குப்பையோடு கொளுத்தலாகாது. தூய மஞ்சள் பாஸ்பரஸ் 30 பாகை வெப்பத்திலேயே காற்றில் தானே தீப்பற்றுவது. சாத்தூர்ச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாயிலும் எறியலாகாது. மூடியை இறுக்கி, தகரப் பெட்டியில் பூட்டி, நிழலில் வைத்து, அதனை ஒப்படைக்கும் வழியை வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிக.