முதற் கணிப்பொறி எது?

உலகின் முதற் கணிப்பொறி, 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான ‘எனியாக்’ என்பர் பலர். அஃது ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்தது. ஆயின், செருமனியில் கொன்ராடு சூசே என்பார் 1941-லேயே ‘இசட் 3’ என்னும் பொறியை இயக்கிக் காட்டினார். இங்கிலாந்தில் 1944-இல் ‘கொலோசசு’ என்னும் பொறி, பகைவரின் மறைமொழிச் செய்திகளை ஆராயப் பயன்பட்டது. அச்செய்தி 1970-கள் வரை மறைக்கப்பட்டிருந்தது. ஆதலின், முன்னர் எழுதியோர் அதனைக் கூறாமை குற்றமன்று. இன்று எழுதுவோர் அதனை விடுதல் குற்றமே.

‘முதல்’ என்போர், எவ்வகையில் முதல் என விளக்குதல் வேண்டும். கட்டளைத் தொடர்வழித் தானே இயங்கியதில் சூசேயின் பொறி முந்தியது. பல்வகைக் கணக்குகளுக்கும் பயன்படும் மின்னணுப் பொறிகளுள் எனியாக் முந்தியது. ஆண்டும் சான்றும் காட்டி, பிறர் உழைப்பை மறையாது, தெளிவுறக் கூறுவதே நல்லுரை. அத்தகைய உரையையே மாணவர் நாடிக் கற்றல் வேண்டும்.