விருந்தாளி வரட்டும், வியாதி வேண்டாம்!

"ஊரில் மரமெல்லாம் குருவி, இங்கே வெறும் கான்கிரீட்" என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? அமீரகத்திலும் காலையில் பத்து நிமிடம் தோட்டத்தைப் பாருங்கள். புல்தரையைக் கொத்திப் புழு தேடும் கொண்டலாத்தி, பூவுக்கு வரும் ஊதாத் தேன்சிட்டு, தவிட்டுப்புறா என நம்மூர்ப் பறவைகளே வரும். பறவைகளைப் பார்த்தாலோ குரலைக் கேட்டாலோ கிடைக்கும் மனநிறைவு எட்டு மணி நேரம் வரை நீடிக்கலாம் என்கிறது லண்டன் கிங்ஸ் கல்லூரியின் 2022 ஆய்வு.

கோடையில் நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். பால்கனியில் காய்ந்த புறா எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைப் பாதிக்கும். முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து, ஊறியபின் துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது நல்லது.